காட்டுக்குப் போக எந்த வண்டி? உங்கள் உடம்பைக் கேளுங்கள்!

கோடை விடுமுறை நெருங்கினால் போதும், பல வீடுகளில் ஒரு பட்டிமன்றம் ஆரம்பமாகிவிடும். "ஊட்டியையும் கொடைக்கானலையும் எத்தனை தடவைதான் பார்க்கிறது? இந்தத் தடவை முதுமலைக் காட்டுக்குப் போகலாம்ப்பா, யானை பார்க்கலாம்" என்பார்கள் பிள்ளைகள். "காரை எடுத்துடலாம், யாரையும் நம்ப வேண்டாம்" என்பார் அப்பா. "ரயில்ல படுத்துக்கிட்டுப் போனா அலுப்புத் தெரியாது" என்பார் அம்மா. "பஸ்ஸா? எனக்கு முட்டி தாங்காதுடா" என்று மூலையிலிருந்து பாட்டியின் குரல் வரும்.

கடைசியில் பணக் கணக்கும் நேரக் கணக்கும் போட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். ஆனால் பயணம் செய்யப் போகிற ஒருவரை மட்டும் யாரும் கேட்பதில்லை. யார் அது? உங்கள் உடம்புதான்!

ஜூன் மாதம் பிறந்தால் வைத்தியர்களிடம் கூட்டம் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். "டூர் போய் வந்ததிலிருந்து மலம் சரியாகப் போகவில்லை", "மூலம் மறுபடி ரத்தம் காட்டுகிறது", "இடுப்புப் பிடித்துக்கொண்டது", "குழந்தை போகும்போதும் வரும்போதும் வாந்திதான், யானையையே பார்க்கவில்லை" என்று வரிசையாக வருவார்கள். இவற்றில் முக்கால்வாசி, வண்டியையும் வழியையும் யோசித்துத் தேர்ந்தெடுத்திருந்தால் வந்தே இருக்காது.

முதுமலையையே உதாரணமாக வைத்துக்கொண்டு இதைப் படிப்படியாகப் பார்ப்போம். ஒரு இடத்துக்குக் கணக்குப் போடத் தெரிந்துவிட்டால், வேறு எந்தக் காட்டுக்கும் நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்வோம்

முதுமலை நீலகிரி மாவட்டத்தில், தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் மூன்றும் சந்திக்கிற மூலையில் இருக்கிறது. 1940-ல் சரணாலயம் ஆனது. 2007-ல் புலிகள் காப்பகம் ஆனது. பக்கத்திலேயே கர்நாடகத்தின் பந்திப்பூர், கேரளத்தின் வயநாடு. காட்டின் நடுவே மாயாற்றங்கரையில் தெப்பக்காடு. யானைகள் முகாம் அங்கேதான் இருக்கிறது. 2023-ல் ஆஸ்கார் விருது வாங்கிய யானைக்குட்டிப் படம் எடுக்கப்பட்ட அதே இடம்.

தெப்பக்காட்டுக்கு ரயில் கிடையாது. ஆகவே 'ரயிலா, பஸ்ஸா, காரா' என்ற கேள்வியே பாதிதான் சரி. எது வரைக்கும் ரயில், எங்கிருந்து பஸ் அல்லது கார் என்பதுதான் சரியான கேள்வி. இதற்குப் பதில் தெரிய, மூன்று ஊர்களின் உயரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேட்டுப்பாளையம் சுமார் 1,000 அடி. ஊட்டி சுமார் 7,350 அடி. தெப்பக்காடு சுமார் 3,000 அடி.

பார்த்தீர்களா? 'நீலகிரி' என்று பெயரைக் கேட்டதும் நாம் ஊட்டிக்கு ஏறிவிடுகிறோம். 6,000 அடிக்கு மேல் ஏறி, பிறகு 4,000 அடிக்கு மேல் இறங்கினால்தான் தெப்பக்காடு வரும். ஏறும்போதும் வளைவு, இறங்கும்போதும் வளைவு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போவதற்குள்ளேயே 14 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டியிலிருந்து கூடலூர் வழியாக இறங்கினால் மேலும் 65 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். கல்லட்டி வழியாக மசினகுடிக்குக் குறுக்கே இறங்கினால் தூரம் பாதிதான், ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள்! சரிவும் மிகச் செங்குத்து. 2018-ல் இங்கே நடந்த கோர விபத்துக்குப் பிறகு வெளியூர் வண்டிகள் இந்த வழியில் இறங்குவதற்குப் போலீஸ் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள்.

இப்போது இன்னொரு ஊரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மைசூர், சுமார் 2,500 அடி. அங்கிருந்து குண்டலுப்பேட்டை, பந்திப்பூர் வழியாகத் தெப்பக்காடு சுமார் 90 கிலோமீட்டர். ஆரம்பத்துக்கும் முடிவுக்கும் 500 அடிதான் வித்தியாசம். நடுவில் கொஞ்சம் ஏறி இறங்கும், அவ்வளவுதான். கொண்டை ஊசி வளைவு என்று சொல்லும்படி எதுவும் கிடையாது.

"அது கர்நாடகமாச்சே, சுத்து வழியாச்சே" என்று சிலர் நினைப்பார்கள். வரைபடத்துக்கு அது சுற்று வழியாக இருக்கலாம். தலைசுற்றல் உள்ளவருக்கு அதுதான் நேர் வழி!

வளைவில் ஏன் வயிறு புரட்டுகிறது?

நம் காதின் உள்ளே, செவிப்பறைக்கும் அப்பால், உடம்பின் சமநிலையைக் கவனிக்கும் சின்ன உறுப்பு ஒன்று இருக்கிறது. வண்டி திரும்பினால், குலுங்கினால், அது உடனே மூளைக்குத் தகவல் சொல்லும். ஆனால் கண் என்ன செய்கிறது? எதிர் சீட்டின் முதுகையோ கையில் உள்ள செல்போனையோ பார்த்துக்கொண்டு, 'எதுவும் அசையவில்லை' என்று சொல்கிறது. காது ஒன்று சொல்ல, கண் ஒன்று சொல்ல, மூளை குழம்புகிறது. அந்தக் குழப்பத்தின் விளைவுதான் வெளிறிய முகம், குளிர்ந்த வியர்வை, வாயில் எச்சில் ஊறுவது, கடைசியில் வாந்தி.

வண்டி ஓட்டுகிறவருக்கு இது பெரும்பாலும் வருவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? அவர் கண் சாலையிலேயே இருக்கிறது. அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும். கண்ணும் காதும் ஒரே கதையைச் சொல்கின்றன. வாந்தி வருகிறவர்களை முன்பக்கம் உட்காரவைத்துத் தூரத்தைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது அபூர்வம். இரண்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் மிக அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். கர்ப்ப காலத்திலும், ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் இன்னும் அதிகம்.

இந்த நிலையைச் சித்த மருத்துவம் பித்தம் மேலே எழும்புவதாகச் சொல்கிறது. ராத்திரித் தூக்கம் கெட்டு, வெறும் வயிற்றில் காபியை ஊற்றிக்கொண்டு, அல்லது எண்ணெய்ப் பூரியை ஒரு கட்டுக் கட்டிவிட்டு மலை ஏறினால் பித்தம் எழும்பாமல் என்ன செய்யும்?

உங்கள் உடம்பு எந்த உடம்பு?

வாதம், பித்தம், கபம் என்ற மூன்றும் எல்லோரிடமும் உண்டு. ஒவ்வொருவருக்கு ஒவ்வொன்று எளிதில் கெடும். பயணத்தில் உங்களுக்கு எது முதலில் தொல்லை தரும் என்று யோசித்துப் பாருங்கள்.

வாத உடம்பு: முட்டிவலி, இடுப்புவலி, கழுத்துத் தேய்மானம், வாயு, மலச்சிக்கல், மூலம். இவர்களுக்கு எதிரி குலுக்கலும், அசையாமல் உட்கார்ந்தே இருப்பதும். காலை நீட்டவும் எழுந்து நடக்கவும் முடிகிற வண்டி எதுவோ, அதுதான் இவர்கள் வண்டி.

பித்த உடம்பு: வாந்தி, தலைசுற்றல், ஒற்றைத் தலைவலி, நெஞ்செரிச்சல். இவர்களுக்கு எதிரி வளைவு, வாடை, வெறும் வயிறு. வண்டியைவிட வழியைத் தேர்ந்தெடுப்பதே இவர்களுக்கு முக்கியம்.

கப உடம்பு: ஆஸ்துமா, சைனஸ், அடிக்கடி சளி. இவர்களுக்கு எதிரி அதிகாலைக் குளிர், நேராக முகத்தில் அடிக்கும் ஏ.சி., தூசி. எந்த நேரத்தில் பயணம் என்பதுதான் இவர்களுக்கு முக்கியம்.

ஒரே வீட்டில் மூவரும் இருப்பார்கள். பிறகு எப்படி முடிவு செய்வது? ஒரே ஒரு விதிதான். வீட்டிலேயே யாருடைய உடம்பு மிக நலிந்ததோ, அந்த உடம்புக்கு ஏற்ற வண்டியை எல்லோரும் ஏறுங்கள். பலமுள்ளவர் எந்த வண்டியிலும் போய்ச் சேர்ந்துவிடுவார். நலிந்தவர் வழியில் படுத்துவிட்டால் குடும்பமே படுத்த மாதிரிதான்!

ரயில்: உடம்புக்கு நண்பன்

இரவில் கால் நீட்டிப் படுக்கலாம். எழுந்து நடக்கலாம். கழிவறை இருக்கிறது. சர்க்கரை நோயாளி, அடிக்கடி சிறுநீர் போகிறவர், புராஸ்டேட் வீக்கம் உள்ள பெரியவர், மூல நோயாளி, கர்ப்பிணி என்று எல்லோருக்கும் நீண்ட தூரத்துக்கு ரயிலுக்கு ஈடு இல்லை. நாலு மணி நேரத்துக்கு மேல் காலைத் தொங்கவிட்டபடி அசையாமல் உட்கார்ந்தால் சிலருக்குக் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டிக்கொள்வது உண்டு. நடக்க முடிகிற ரயிலில் அந்த அபாயம் குறைவு.

சென்னையில் இரவு ரயில் ஏறினால் காலையில் மைசூர். மதுரைக்காரர்களுக்குத் தூத்துக்குடியிலிருந்து வருகிற மைசூர் ரயில் இருக்கிறது. கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சிக்காரர்களுக்கும் மைசூருக்கு நேர் ரயில் உண்டு. மேட்டுப்பாளையம் போகிறவர்களுக்குச் சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் இருக்கவே இருக்கிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி போகும் மலை ரயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1899-ல் குன்னூர் வரையும், 1908-ல் ஊட்டி வரையும் போடப்பட்ட பாதை. 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 46 கிலோமீட்டரை ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம்! பல் சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து ஏறுவதால் வேகம் மிகக் குறைவு. பஸ்ஸில் வாந்தி எடுக்கிற குழந்தை இதில் சிரித்துக்கொண்டு வரும்.

ஆனால் மற்ற ரயில் மாதிரி கழிவறையை நம்பி இதில் ஏற முடியாது. நடு நிலையங்களில் நிற்கும்போது போய்விட வேண்டும். இருக்கை நெருக்கம், முட்டிவலிக்காரர் காலை நீட்ட முடியாது. மழைக்காலத்தில் மண் சரிந்தால் ரயிலையே ரத்து செய்துவிடுவார்கள். பிள்ளைகளுக்கு அருமை, எழுபது வயதுத் தாத்தாவுக்கு யோசித்துச் சொல்லுங்கள்.

இந்த வழியில் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். அன்றைக்கே தெப்பக்காட்டுக்கு இறங்காதீர்கள். ஊட்டியில் ஓர் இரவு தங்கி உடம்பை ஆறவிட்டு, மறுநாள் காலை இலகுவாகச் சாப்பிட்டு இறங்குங்கள்.

பஸ்: சீட்டைப் பொறுத்தது சுகம்

மைசூரிலிருந்து ஊட்டி போகும் அரசு பஸ்கள் தெப்பக்காடு வழியாகத்தான் போகின்றன. இரண்டரை மணி நேரம் போல ஆகும். ஏறும்போதே "தெப்பக்காட்டில் நிற்குமா?" என்று கண்டக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பஸ் உயரமாக இருப்பதால் காடு நன்றாகத் தெரியும், காற்று வரும். இந்த இரண்டும் பித்த உடம்புக்கு நல்லது. எந்த சீட் என்பதுதான் விஷயம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில், முன்பக்கமாக உட்காருங்கள். பின் சக்கரத்துக்கு மேலேயும், கடைசி நீள இருக்கையிலும் வேண்டவே வேண்டாம். காட்டுப் பாதையில் விலங்குகள் அடிபடாமல் இருக்க வேகத்தடைகள் வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். கடைசி சீட்டில் இருப்பவரை ஒவ்வொன்றும் தூக்கித் தூக்கிப் போடும். இடுப்புத் தேய்மானம் உள்ளவர், கர்ப்பிணி, புதிதாக அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் ஆகியோருக்கு இது ஆகவே ஆகாது.

ஊரிலிருந்தே இரவு முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வருவது? இளைஞர்களுக்கு ஓகே. வாத உடம்புக்காரர்களுக்கு வேண்டாம். மூட்டு மறுநாளே பேசிவிடும்!

கார்: சௌகரியம்தான், ஆனால்...

காரில் நிறைய நன்மைகள் உண்டு. நினைத்த இடத்தில் நிறுத்தலாம். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கலாம். சக்கர நாற்காலியை ஏற்றிக்கொள்ளலாம். நடக்கச் சிரமப்படுகிற பெரியவர்களை வாசலில் ஏற்றி வாசலில் இறக்கலாம்.

ஆனால் மூன்று விஷயங்களை யோசியுங்கள்.

முதலாவது, ஓட்டுகிறவர் உடம்பு. சென்னையிலிருந்து தெப்பக்காடு எந்த வழியில் போனாலும் சுமார் 580 கிலோமீட்டர். "ராத்திரி கிளம்பினா டிராஃபிக் இருக்காது" என்று அப்பா ஒருவரே விடிய விடிய ஓட்டுவார். இரவு இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை, எவ்வளவு காபி குடித்தாலும் உடம்பு தூக்கத்தைக் கேட்கிற நேரம். கண் திறந்திருக்கும்போதே மூளை சில விநாடிகள் தூங்கிவிடும். அந்தத் தூக்கக் கலக்கத்தோடு விடியற்காலையில் மலைப்பாதையில் வண்டியைத் திருப்புவது எவ்வளவு ஆபத்து! குடும்பமே அந்த ஒருவர் கண்ணை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறது. காரில் போவதானால் பகலில் கிளம்பி, வழியில் ஓர் இரவு தங்கிப் போங்கள். இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடேறிப் பிடிப்புப் போய்விடும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும்.

இரண்டாவது, கட்டுப்பாடுகள். பந்திப்பூர் காட்டுச் சாலையில் 2009-லிருந்து இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பொது வாகனங்களுக்குத் தடை. நேரம் தவறி வந்தால் சோதனைச் சாவடியில் குழந்தை குட்டிகளோடு விடிய விடியக் காரிலேயே உட்கார வேண்டியதுதான். நீலகிரிக்குள் தனி வாகனத்தில் நுழைய 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் முறை வந்திருக்கிறது. கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். ரயிலிலும் அரசு பஸ்ஸிலும் வருகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

மூன்றாவது, போய்ச் சேர்ந்த பிறகு உங்கள் கார் காட்டுக்குள் போக முடியாது. வனத்துறை வண்டியில்தான் சுற்றிக் காட்டுவார்கள். அவ்வளவு தூரம் ஓட்டி வந்த கார் வெளியே நிற்கும்! அதற்கு, மைசூர் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து வாடகைக் கார் எடுத்தால் ரயிலின் சுகமும் காரின் சௌகரியமும் இரண்டும் கிடைத்துவிடும்.

பித்த உடம்புக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. காருக்குள் தொங்கவிடும் வாசனை டப்பாவை முதலில் எடுத்து வெளியே வையுங்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு, அந்த வாடையோடு மலை ஏறினால் நல்ல உடம்புக்கே குமட்டும்.

அடக்கக் கூடாதது ஆறு

உடம்பில் இயற்கையாக எழும் உந்துதல்களைச் சித்த மருத்துவம் 'வேகங்கள்' என்று சொல்லும். மொத்தம் பதினான்கு. அவற்றை அடக்கினால் நோய் வரும் என்பது எங்கள் பாடம். பயணத்தில் நாம் அடக்குவது ஆறு: சிறுநீர், மலம், பசி, தாகம், தூக்கம், வாந்தி.

"வழியில பாத்ரூம் சரியா இருக்காது" என்று பெண்கள் பலர் கிளம்பும் அன்று தண்ணீரே குடிப்பதில்லை. பிறகு நீர்க்கடுப்பு, மலச்சிக்கல், தலைவலி. காட்டு வழியில் இந்தப் பிரச்சினை இரண்டு மடங்கு. ஏனென்றால் காட்டுக்குள் வண்டியை நிறுத்தி இறங்கக் கூடாது. யானை, புலி நடமாடும் இடம், சட்டப்படியும் குற்றம்.

ஆகவே மைசூர் பக்கமிருந்து வந்தால் குண்டலுப்பேட்டையிலும், ஊட்டிப் பக்கமிருந்து வந்தால் கூடலூரிலும், வருகிறதோ இல்லையோ, எல்லோரும் ஒரு முறை போய்விட்டு ஏறுங்கள். தண்ணீரை நிறுத்தாதீர்கள். ஒரேயடியாகக் குடிக்காமல் வாய் வாயாகக் குடியுங்கள். நீலகிரி மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது. வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போவது சட்டத்துக்கும் நல்லது, வயிற்றுக்கும் நல்லது.

வாந்தியும் ஒரு வேகம்தான். வந்துவிட்டால் பல்லைக் கடித்து அடக்காதீர்கள். எடுத்த பிறகு வாய் கொப்பளித்து, பத்து நிமிடம் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாக எலுமிச்சை நீரில் உப்பும் சர்க்கரையும் சேர்த்துக் கொடுங்கள்.

யாருக்கு எது?

வாந்தி வரும் குழந்தைகள்: மைசூர் வழி. இரண்டு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி. பூரி, பால், சிப்ஸ் கூடாது. வளைவில் செல்போன் கூடாது.

சர்க்கரை நோயாளிகள்: இரவு ரயில், பகலில் பஸ் அல்லது கார். மாத்திரையை, ஊசியைப் போட்டுக்கொண்டு 'அங்கே போய்ச் சாப்பிடலாம்' என்று கிளம்பாதீர்கள். மலைப்பாதையில் வண்டி நின்றுவிட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். கையில் பிஸ்கட்டும் சட்டைப் பையில் சர்க்கரை மிட்டாயும் இருக்கட்டும். இன்சுலினை வெயில் படும் கார் முன்பலகையில் வைக்காதீர்கள்.

இருதய நோய், கட்டுக்கடங்காத பி.பி., கடுமையான ஆஸ்துமா: 7,000 அடிக் குளிரைத் தொடாமலே காட்டைப் பார்க்க மைசூர் வழி உதவும். இருந்தாலும் உங்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம். இன்ஹேலர், மாத்திரைகள் கைப்பையில், பெட்டியில் அல்ல. அவசரமென்றால் தெப்பக்காட்டிலிருந்து கூடலூர் சுமார் 18 கிலோமீட்டர்.

கர்ப்பிணிகள்: முதல் மூன்று மாதமும் கடைசி மூன்று மாதமும் இந்தப் பயணம் வேண்டாம். நடு மாதங்களில், டாக்டர் சரி என்றால், ரயிலும் மெதுவாகப் போகிற காரும். காட்டுக்குள் குலுங்கும் வண்டியில் சுற்ற வேண்டாம். யானைகள் முகாமை மட்டும் பார்த்து வரலாம்.

முட்டிவலிப் பெரியவர்கள்: ரயிலில் கீழ் பெர்த், பிறகு வாடகைக் கார். பஸ் படி உயரம் இவர்களுக்கு ஏறவும் கஷ்டம், இறங்கவும் கஷ்டம்.

உடம்பில் குறை இல்லாத இளைஞர்கள்: மலை ரயில், பஸ் எதுவானாலும் சரி. அனுபவியுங்கள்!

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

மலச்சிக்கல் உள்ளவர்கள் கிளம்பும் முந்தின இரவு பேதி மாத்திரை போட்டுக்கொண்டு அவதிப்படாதீர்கள். ஒரு வாரம் முன்பிருந்தே இரவில் திரிபலா சூரணம் அரைத் தேக்கரண்டி வெந்நீரில் சாப்பிட்டு வந்தால் வயிறு தானாக ஒழுங்குக்கு வரும். கர்ப்பிணிகளுக்கு இது வேண்டாம். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று பயணம் கிளம்பக் கூடாது. இரண்டு நாள் முன்பே குளித்துவிடுங்கள்.

வாந்திக்கு வீட்டிலேயே ஒரு பயணப் பொடி செய்துகொள்ளலாம். மேல்தோல் சீவிய சுக்கு 10 கிராம், சீரகம் 20 கிராம், ஏலக்காய் 10 கிராம். லேசாக வறுத்துப் பொடித்து, 40 கிராம் கற்கண்டுத் தூள் கலந்துகொள்ளுங்கள். சுக்குக்கு வெளித்தோல் ஆகாது, கடுக்காய்க்கு உள்கொட்டை ஆகாது என்பது எங்கள் வைத்தியத்தின் ஆரம்பப் பாடம். அதனால் தோலைச் சீவ மறக்காதீர்கள். பெரியவர்கள் அரைத் தேக்கரண்டி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள் கால் தேக்கரண்டி, மலைப்பாதைக்கு ஒரு மணி நேரம் முன்பு வாயில் போட்டுச் சுவைத்து விழுங்கலாம். சர்க்கரை நோயாளிகள் கற்கண்டைத் தவிர்த்துவிடுங்கள்.

நேரமில்லாதவர்கள் இஞ்சி மொரப்பாவோ, காய்ந்த நார்த்தங்காய் ஒரு துண்டோ வாயில் அடக்கிக்கொள்ளலாம். நம் பாட்டிமார்கள் நார்த்தங்காயை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறியது சும்மா இல்லை! பி.பி. உள்ளவர்களுக்கு மட்டும் அதில் உள்ள உப்பு ஆகாது.

இஞ்சியும் சுக்கும் பலருக்குக் கேட்கும், எல்லோருக்கும் கேட்கும் என்று சொல்ல மாட்டேன். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அல்சர் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேட்டே எடுத்துக்கொள்ளுங்கள். கடுமையாக வாந்தி வருகிறவர்கள் ஆங்கில மருத்துவர் எழுதித் தரும் மாத்திரையைப் போட்டுக்கொள்வதில் தப்பே இல்லை. அது தூக்கம் தரும். ஆகவே வண்டி ஓட்டுகிறவர் போடக் கூடாது. புராஸ்டேட் வீக்கம், கண் அழுத்த நோய் உள்ளவர்கள் கேட்காமல் போடக் கூடாது.

இன்னொன்று. வறண்ட மாதங்களில் காட்டுத்தீ பயத்தால் காட்டுக்குள் சுற்றிக்காட்டுவதைச் சில சமயம் நிறுத்திவைப்பார்கள். இத்தனை ஏற்பாடும் வீணாகாமல் இருக்க, டிக்கெட் எடுக்கும் முன் வனத்துறையிடம் விசாரித்துவிடுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், நீண்ட தூரத்தை இரவில் ரயிலில் படுத்துக் கடங்கள். கடைசித் தூரத்தைப் பகலில், பஸ்ஸிலோ வாடகைக் காரிலோ போங்கள். வளைவு ஆகாதவர்கள் வளைவில்லாத வழியைத் தேடுங்கள். டைம் டேபிளையும் பர்ஸையும் பார்ப்பதற்கு முன்னால், வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து, "யாருக்கு என்ன செய்யும்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பாட்டியையும் கேளுங்கள், நாலு வயதுப் பேத்தியையும் கேளுங்கள். மாயாற்றங்கரையில் யானை குளிப்பதை அத்தனை பேரும் தெம்பாக நின்று பார்க்க வேண்டும் இல்லையா?